மொட்டைமாடியில் வயர் ஆன்டெனா: ஹாம்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாக அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கி ஹாம்களாகி, ஹெச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) பேண்டுகளுக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். நம்மூர் வீடு, நம்மூர் மழை, நம்மூர் கடையில் கிடைக்கும் பொருள் ஆகியவற்றை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் வந்தவற்றை எண்ணால் சுட்டும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. இப்பதான் கால்சைன் வந்திருக்கு. முதல்ல எந்த ஆன்டெனா கட்டலாம்?

40 மீட்டர் பேண்டுக்கு (அலைநீளம் சுமார் 40 மீட்டர் உள்ள அலைவரிசைகள்) ஒரு அரையலை டைபோல் கட்டுங்கள், அதாவது பாதி அலைநீள வயரை நடுவில் பிரித்துக் கேபிள் இணைத்த ஆன்டெனா. நடுவில் ஒரே ஒரு கம்பமும் இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் வயரும் உள்ள இன்வெர்ட்டட் வி வடிவம் மொட்டைமாடிக்குப் பொருந்தும். டைபோலாக இருந்தால் தவறு எங்கே என்று கண்டுபிடிப்பதும் எளிது. வயர், கேபிள், நடுவில் ஒரு சோக் (7-இல் விளக்கம்) என்று மூன்றே பொருள்தான், ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்கலாம். ட்ரான்ஸ்பார்மர் வைத்த ஆன்டெனாவில் கோளாறு வந்தால் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று புதியவருக்குத் தெரியாது.

40 மீட்டரைச் சொல்வதற்குக் காரணம், இந்தியாவில் 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இந்தப் பேண்டில்தான் பகல் நேரத்தில் பக்கத்து மாவட்டங்களோடும் மாநிலங்களோடும் பேச முடியும். 5, 10 வாட் ரிக் (ரேடியோ செட்) வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

2. வயரை எவ்வளவு நீளம் வெட்டணும்? ஒவ்வொருத்தரும் ஒரு கணக்கு சொல்றாங்க.

143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் முழு நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 143 ÷ 7.1 = 20.1 மீட்டர், பக்கத்துக்கு 10.05 மீட்டர். இது தொடக்கக் கணக்கு மட்டும்தான். பிவிசி உறை போட்ட வயரில் ஒத்ததிர்வு நீளம் (வயர் அந்த அலைவரிசைக்கு இசையும் நீளம்) இரண்டு மூன்று சதவீதம் குறையும். உயரம், தரை, பக்கத்தில் உள்ள இரும்பு எல்லாம் இன்னும் கொஞ்சம் மாற்றும். அதனால் பக்கத்துக்கு 10.4 மீட்டராக வெட்டி, ஏற்றி, அளந்து, பிறகு குறையுங்கள்.

குறைப்பதற்கும் கணக்கு உண்டு. 10.4 மீட்டரில் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) மிகக் குறைவாக இருக்கும் இடம் 6.85 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். புதிய நீளம் 10.4 × 6.85 ÷ 7.1 = 10.03 மீட்டர். அதாவது ஒவ்வொரு பக்கமும் 37 செ.மீ. குறைய வேண்டும். ஆனால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். நுனியை மடக்கி, அதே வயரின் மேல் நெருக்கமாக முறுக்கிக் கட்டுங்கள். மடக்கிய பகுதி ஏறத்தாழ வெட்டியது போலவே வேலை செய்யும், தேவைப்பட்டால் திரும்ப நீட்டிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் சமமாக மடக்க வேண்டும்.

3. வீட்டு வயரிங்குக்கு வாங்குற வயர் போதுமா? கட்டுக்கம்பில கட்டலாமா?

1.5 சதுர மி.மீ. மல்டிஸ்ட்ராண்ட் காப்பர் வயர் தாராளமாகப் போதும். 90 மீட்டர் சுருள் ஒன்று வாங்கினால் 40 மீட்டர் பேண்டுக்கான டைபோல் நான்கு கட்டலாம். உறையை உரிக்க வேண்டாம். கடலோர ஊர்களில் உப்புக் காற்று வெறும் செம்பை ஒரே வருடத்தில் பச்சையாக்கிவிடும், உறை அதைத் தடுக்கும். மெல்லிய வயரும் ரேடியோவுக்கு ஒன்றும் குறைவில்லை, அறுந்துபோகும் என்பதே பிரச்சினை.

கட்டுக்கம்பியும் ஜிஐ கம்பியும் வேண்டாம். ரேடியோ அலைவரிசையில் மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும். இரும்பில் அந்தத் தோல் மிக மெல்லியது, இழப்பு அதிகம். துரு ஏறினால் இன்னும் மோசம்.

இன்சுலேட்டருக்குத் தடித்த பிவிசி பைப்பை 8 செ.மீ. நீளத்துக்கு வெட்டி இரண்டு முனையிலும் துளை போட்டால் போதும். நடுவில் வயரின் இழுவை சால்டரிங்கின் மேல் விழக் கூடாது. வயரைத் துளை வழியாக விட்டு முடிச்சுப் போட்டுவிட்டு, தளர்வாக இருக்கும் மீதி நுனியை மட்டும் கேபிளோடு சால்டர் செய்யுங்கள். டைபோல்கள் முதலில் அறுவது இந்த இடத்தில்தான்.

4. எங்க மாடி 12 மீட்டர்தான் இருக்கு. 20 மீட்டர் வயரை எங்க கொண்டுபோய் வைக்கிறது?

நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. டைபோலில் மின்னோட்டம் நடுவில்தான் அதிகம், நுனியில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கதிர்வீச்சைத் தருவது மின்னோட்டம். அதனால் நடுவில் உள்ள பாதியை உயரமாக, நேராக வையுங்கள். நுனிகளைக் கீழே தொங்கவிடலாம், கைப்பிடிச் சுவர் ஓரமாகத் திருப்பலாம். ஒவ்வொரு பக்கமும் கடைசி இரண்டு, இரண்டரை மீட்டரை மடித்தால் நீங்கள் காதால் உணரும் அளவுக்கு இழப்பு வராது. ஒத்ததிர்வு மட்டும் சற்று நகரும், 2-இல் சொன்னபடி சரிசெய்துகொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. இன்வெர்ட்டட் வி என்றால் உச்சியில் உள்ள கோணம் 90 டிகிரிக்குக் குறையக் கூடாது, 120 இருந்தால் நல்லது. நுனிகள் ஆள் கைக்கு எட்டாத உயரத்தில், குறைந்தது இரண்டரை மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். 100 வாட்டில் பேசும்போது நுனியில் பல நூறு வோல்ட் இருக்கும், தொட்டால் சதை வேகும். துணி காயப்போடக் கட்டியிருக்கும் ஜிஐ கம்பிக்கு இணையாக, பக்கத்திலேயே ஆன்டெனா வயரை ஓட்டாதீர்கள். அந்தக் கம்பியும் ஆன்டெனாவின் பகுதியாகிவிடும்.

5. உயரம் எவ்வளவு வேணும்? 20 மீட்டர் டவர் இல்லாம ஒண்ணும் ஆகாதா?

யாரோடு பேச வேண்டும் என்பதைப் பொறுத்தது. 40 மீட்டர் பேண்டில் தரையிலிருந்து 6 முதல் 10 மீட்டர் உயரத்தில் உள்ள டைபோல், சக்தியில் பெரும்பகுதியை நேர் மேலே அனுப்பும். அது அயனி மண்டலத்தில் பட்டுச் சுற்றிலும் 400, 500 கி.மீ. வட்டத்துக்கு இறங்கும். சென்னையிலிருந்து மதுரை, கோவை, பெங்களூரு, திருச்சியிலிருந்து கொழும்பு, இவையெல்லாம் இந்த வட்டத்துக்குள் வரும். நம் தென்கோடி காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் பகலில் நேர் மேலே போகும் 7 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் திரும்பி வரும். பின்னிரவில், விடியலுக்கு முன், மண்டலம் மெலிந்து பக்கத்து ஊர்கள் காணாமல் போகலாம். அது ஆன்டெனாவின் குற்றமல்ல.

தூர நாடுகள் வேண்டுமென்றால் அலை தாழ்ந்த கோணத்தில் போக வேண்டும், அதற்கு அரையலை உயரம் தேவை. 40 மீட்டர் பேண்டில் அது 20 மீட்டர், சாதாரண வீட்டில் நடக்காது. 20 மீட்டர் பேண்டிலோ 10 மீட்டர் உயரமே அரையலை. இரண்டு மாடி வீட்டின் மேல் ஆறு மீட்டர் ஜிஐ பைப் நட்டால் அதைத் தாண்டிவிடலாம். அந்த உயரத்தில் திசையும் முக்கியமாகிறது. தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பா வடமேற்கில் இருக்கிறது. வயரை வடகிழக்கு–தென்மேற்காக ஓட்டினால் அதன் பக்கவாட்டு வீச்சு ஐரோப்பாவுக்கும் மறுபுறம் ஆஸ்திரேலியாவுக்கும் விழும். ஆனால் வடகிழக்கில் உள்ள ஜப்பான் நுனிப்பக்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

6. ஆர்ஜி-58 போதுமா, ஆர்ஜி-213 வாங்கணுமா? டிவி கேபிள் சும்மா கிடக்கு, அதைப் போடலாமா?

ஆர்ஜி-58, ஆர்ஜி-213 இரண்டும் 50 ஓம் கோஆக்ஸ் கேபிள்கள், அதாவது நடுக்கம்பியைச் சுற்றி வெளிவலை உள்ளவை. 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிளில் 7 மெகாஹெர்ட்ஸில் சுமார் 1.1 டெசிபெல் இழப்பு, 28 மெகாஹெர்ட்ஸில் சுமார் 2.5 டெசிபெல். அதே நீளம் ஆர்ஜி-213 என்றால் முறையே 0.5, 1.1 டெசிபெல். 40 மீட்டர் பேண்டு மட்டும், கேபிளின் நீளம் 20 மீட்டருக்குள் என்றால் ஆர்ஜி-58 போதும். 10 மீட்டர் பேண்டும் வேண்டும், கேபிளும் நீளம் என்றால் ஆர்ஜி-213-க்குச் செலவழிக்கலாம். ஆனால் அது கனம். வயரின் நடுவில் தொங்கவிட்டால் டைபோலையே தாழ்த்திவிடும், கம்பத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்.

டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 75 ஓம். டைபோலின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 50-க்கும் 75-க்கும் இடையில்தான் நிற்கும் என்பதால் இது தாராளமாக ஒத்துப்போகும். ரிக்கில் 1.5 வரை எஸ்.டபிள்யூ.ஆர். காட்டலாம், அதனால் கெடுதல் இல்லை. சிக்கல் கட்டுமானத்தில் இருக்கிறது. மலிவு ரகங்களில் நடுக்கம்பி செம்புப் பூச்சு போட்ட இரும்பு, வெளிவலை அலுமினியம். அலுமினியத்தில் சால்டர் பிடிக்காது, எஃப் கனெக்டர்தான் போட வேண்டும். தாழ்ந்த பேண்டுகளில் பூச்சு போதாமல் இரும்பிலும் மின்னோட்டம் ஓடி இழப்பு கூடும். முழுச் செம்பு நடுக்கம்பி உள்ள ரகம் கிடைத்தால் தயங்காமல் போடுங்கள்.

7. பேலன் கட்டாயமா? போடாமலே வேலை செய்யுதே?

வேலை செய்யும். ஆனால் பேலன் (சமநிலையான டைபோலைக் கோஆக்ஸோடு இணைக்கும் சாதனம்) இல்லாமல் கோஆக்ஸை இணைத்தால், வெளிவலையின் வெளிப்புறம் டைபோலின் மூன்றாவது காலாகிவிடும். அதன் வழியாக ரேடியோ மின்னோட்டம் உங்கள் ஷேக்குக்குள் (ரேடியோ அறைக்குள்) வரும். வீட்டில் உள்ள இரைச்சலும் அதே வழியில் ஆன்டெனாவுக்குப் போகும். கேபிளை நகர்த்தினால் எஸ்.டபிள்யூ.ஆர். மாறுகிறது என்றால் இதுதான் காரணம்.

டைபோலுக்கு வேண்டியது 1:1 கரண்ட் பேலன், அதாவது அந்த வெளிப்புற மின்னோட்டத்தைத் தடுக்கும் சோக். எஃப்டி240-31 அல்லது எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கேபிளையே 10 முதல் 12 சுற்றுச் சுற்றி, டைபோலின் நடுவிலேயே வையுங்கள். வளையம் கிடைக்கவில்லையென்றால் சுமார் நாலரை மீட்டர் ஆர்ஜி-58-ஐ ஆறு சுற்றாக வட்டமிட்டு டேப் போட்டுக் கட்டலாம். 7 மெகாஹெர்ட்ஸில் இது பயன்படும், மற்ற பேண்டுகளில் நம்ப முடியாது. பழைய மானிட்டர் கேபிளில் இருக்கும் கவ்வு ஃபெரைட்டை ஒன்றிரண்டு மாட்டுவது 7 மெகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட வீண். ஒரே முறை உள்ளே நுழைந்து போகும் கேபிளுக்கு அது தரும் தடை மிகக் குறைவு.

8. எஸ்.டபிள்யூ.ஆர். 1.0 வரலைன்னா ரிக் போயிடுமா?

போகாது. 1.5 என்றால் 4 சதவீதம், 2 என்றால் 11 சதவீதம், 3 என்றால் 25 சதவீதம் சக்தி ஆன்டெனாவில் பட்டுத் திரும்புகிறது. திரும்புவதெல்லாம் வீணாவதில்லை. ட்யூனர் (ரிக்குக்கும் கேபிளுக்கும் நடுவில் வைக்கும் பொருத்தும் பெட்டி) இருந்தால் பெரும்பகுதி மறுபடி ஆன்டெனாவுக்கே போகும், கேபிளில் சூடாகும் பங்குதான் இழப்பு. 7 மெகாஹெர்ட்ஸில் 15 மீட்டர் ஆர்ஜி-58, ஆன்டெனாவில் 3:1 என்றாலும் மொத்த இழப்பு ஒரு டெசிபெல் அளவுதான். இன்றைய ரிக்குகள் பெரும்பாலும் 2-க்கு மேல் போனால் தாமாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். பாதுகாப்பு இல்லாத, வீட்டில் கட்டிய ரிக் என்றால் மட்டும் 2-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். 1.4-ஐ 1.1 ஆக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிப்பதைவிட, அதே நேரத்தில் கம்பத்தை இரண்டு மீட்டர் உயர்த்தலாம்.

9. மீட்டர்ல 1.2-தான் காட்டுது, பேண்ட் முழுக்க அப்படியேதான் இருக்கு. ஆனா யாருக்கும் நான் கேக்கலை. ஏன்?

பேண்ட் முழுக்க அசையாமல் 1.2 என்பதே சந்தேகத்துக்குரியது. நல்ல டைபோல் பேண்டின் ஓரங்களில் கொஞ்சமாவது ஏறும். கேபிளுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அதுவே சக்தியைத் தின்றுவிடும். திரும்பி வர ஒன்றும் மிஞ்சாததால் மீட்டர் அழகாகக் காட்டும்.

சோதிப்பது எளிது. மேலே ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேபிளின் நுனியைத் திறந்தபடி விடுங்கள். கீழே நானோவிஎன்ஏ என்ற சிறிய அளக்கும் கருவியை ஓபன், ஷார்ட், லோடு மூன்றும் போட்டுக் காலிபரேட் செய்து, கேபிளில் இணைத்து, ரிட்டர்ன் லாஸ் (போனதைவிடத் திரும்பியது எத்தனை டெசிபெல் குறைவு என்பது) பாருங்கள். திறந்த நுனியிலிருந்து எல்லாச் சக்தியும் திரும்ப வேண்டும். அதனால் வரும் டெசிபெல் எண்ணில் பாதிதான் கேபிளின் ஒருவழி இழப்பு. 6 டெசிபெல் வந்தால் கேபிள் 3 டெசிபெல் தின்கிறது, பாதிச் சக்தி போச்சு. அப்படிப்பட்ட கேபிளில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் எஸ்.டபிள்யூ.ஆர். 3-க்கு மேல் காட்டாது. 6-ஆம் பதிலில் உள்ள எண்களோடு ஒப்பிட்டு, அதைவிட மிக அதிகமென்றால் கேபிளை மாற்றுங்கள்.

10. ட்யூனர் இருந்தா 40 மீட்டர் டைபோல்ல 20 மீட்டர் பேண்டும் அடிக்கலாமா?

கோஆக்ஸில் வேண்டாம். 14 மெகாஹெர்ட்ஸில் அதே வயர் முழு அலையாகிறது, நடுவில் மின்மறுப்பு சில ஆயிரம் ஓம். 15 மீட்டர் ஆர்ஜி-58 கூட அந்த நிலையில் 9 டெசிபெல் அளவுக்கு இழக்கும். 10 வாட் கொடுத்தால் ஒரு வாட்டுக்குச் சற்று அதிகமாக வெளியே போகும். ட்யூனரோ ரிக்கின் பக்கம் 1:1 காட்டித் திருப்திப்படுத்தும். ட்யூனர் சரிசெய்வது ரிக் பார்ப்பதை மட்டும். அதற்கு மேலே கேபிளில் நடப்பது மாறாது.

11. அப்போ ஒரே ஆன்டெனால பல பேண்டுக்கு என்ன வழி?

வழிகள் பல உண்டு. எளியது, ஒரே நடுப்புள்ளியில் 40-க்கும் 20-க்கும் தனித்தனி டைபோல் வயர்களை இணைப்பது. வயர்களின் நுனிகளைக் குறைந்தது ஒரு மீட்டர் விலக்கிக் கட்டுங்கள். முதலில் நீளமானதைச் சரிசெய்து, பிறகு குட்டையானதைச் சரிசெய்யுங்கள். 20.1 மீட்டர் வயரை மூன்றில் ஒரு பங்கில், அதாவது 6.7-க்கும் 13.4-க்கும் நடுவில், 4:1 பேலன் வைத்து ஊட்டினால் 40, 20, 10 மூன்றும் வரும். 15 மீட்டர் பேண்டு வராது, அந்த இடத்தில் மின்மறுப்பு ஏறிவிடும்.

இழப்பில்லாத வழி ஓபன் வயர் ஃபீடர். 20 மீட்டர் வயரை நடுவில் பிரித்து, இரண்டு இணைக் கம்பிகளால் ட்யூனர் வரை கொண்டுவர வேண்டும். 1.5 மி.மீ. விட்டமுள்ள கம்பிகளை 11, 12 செ.மீ. இடைவெளியில் ஓட்டினால் சுமார் 600 ஓம் கிடைக்கும். பிவிசி பட்டைகளை அரை மீட்டருக்கு ஒன்றாகக் கட்டினால் இடைவெளி நிற்கும். இங்கே எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு உயர்ந்தாலும் இழப்பு அற்பம். சுவரையும் ஜன்னல் கிரில்லையும் ஒட்டி மட்டும் ஓட்டக் கூடாது. தூர்தர்ஷன் காலத்துத் தட்டையான 300 ஓம் ரிப்பன் வயர் வீட்டில் இருந்தால் குறைந்த சக்திக்குப் பயன்படுத்தலாம், ஆனால் மழையில் நனைந்தால் ட்யூனிங் ஓடிவிடும்.

12. 49:1 போட்டு ஒரு நுனியில ஊட்டுற எண்ட் ஃபெட் கட்டணும். சுத்துறது எப்படி?

49:1 என்பது ஒரு ட்ரான்ஸ்பார்மர். தேவையானவை: எஃப்டி240-43 வளையம் ஒன்று, 1 மி.மீ. எனாமல் செம்புக் கம்பி, 100 பிகோஃபாரட் 3 கிலோவோல்ட் கெபாசிட்டர் ஒன்று. செகண்டரி மொத்தம் 14 சுற்று. அதில் முதல் இரண்டு சுற்று, பிரைமரிக் கம்பியோடு முறுக்கிச் சேர்த்துச் சுற்றப்படும். பிரைமரி, செகண்டரி இரண்டின் கீழ்முனையும் கோஆக்ஸின் வெளிவலைக்கு. பிரைமரியின் மறுமுனை நடுக்கம்பிக்கு. செகண்டரியின் மறுமுனை ஆன்டெனா வயருக்கு, அதுவே வெளியீடு. கெபாசிட்டர் கோஆக்ஸின் நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் குறுக்கே. 14-ஐ 2-ஆல் வகுத்தால் 7, அதன் வர்க்கம் 49, ஆக 2450 ஓமை 50 ஆக்குகிறது. பெட்டிக்குள் போடும் முன் 2.2 கிலோ ஓமையும் 220 ஓமையும் தொடராகச் சேர்த்து வெளியீட்டில் வைத்து, நானோவிஎன்ஏவில் 7 முதல் 28 வரை பாருங்கள். எங்கும் எஸ்.டபிள்யூ.ஆர். 2-ஐத் தாண்டக் கூடாது. மேல் பேண்டில் ஏறினால் பெரும்பாலும் கெபாசிட்டரின் கால்கள் நீளமாக இருக்கும்.

வயர் 20.5 மீட்டரில் தொடங்கிக் குறையுங்கள், 40, 20, 15, 10 நான்கும் கிடைக்கும். வெளிவலைப் பக்கத்தில் இரண்டு மீட்டர் கவுண்டர்பாய்ஸ் (ஆன்டெனாவின் மறுபக்கமாக நிற்கும்) வயர் தொங்கவிட்டு, அதற்கடுத்துக் கேபிளில் 7-இல் சொன்ன சோக்கைப் போடுங்கள். எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியாக அனுப்பும் டிஜிட்டல் முறை) போல் தொடர்ந்து அடிக்கும் முறையில் 100 வாட் போட்டால் வளையம் சூடேறும், 30, 40 வாட்டோடு நிறுத்துங்கள்.

13. 9:1-ம் 49:1-ம் ஒண்ணுதானா?

இல்லை. 49:1-க்கு அரையலை வயர் வேண்டும். 9:1-க்கு எந்தப் பேண்டிலும் அரையலையாக இல்லாத நீளம் வேண்டும், 12.5 அல்லது 17.7 மீட்டர் போல. கூடவே ட்யூனரும் கவுண்டர்பாய்ஸும் தேவை. 20 மீட்டர் வயரில் 9:1 போட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய.

14. மைக்கைத் தொட்டா சுரீர்னு இருக்கு, பேசும்போது கம்ப்யூட்டர் நின்னுபோகுது.

7-இல் சொன்ன வெளிவலை மின்னோட்டம்தான். எண்ட் ஃபெட் போட்டவர்களுக்கு இது அதிகம் வரும். ஆன்டெனாப் பக்கம் ஒரு சோக், ரிக்குக்குள் நுழையும் முன் இன்னொன்று போடுங்கள். வீட்டு எர்த்தோடு ரிக்கை இணைப்பது பாதுகாப்புக்கு அவசியம், ஆனால் இந்தக் கோளாறுக்கு அது மருந்தல்ல. மாடியிலிருந்து தரைவரை போகும் எர்த் கம்பி 7 மெகாஹெர்ட்ஸில் அதுவே ஒரு ஆன்டெனா.

15. எப்பவும் சிக்னல் மீட்டர்ல எஸ்9 அளவுக்குப் பலமான இரைச்சல். ஆன்டெனாவை மாத்தணுமா?

முதலில் ரிக்கை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயினை அணையுங்கள். இரைச்சல் விழுந்தால் குற்றவாளி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு எம்சிபியாகப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். மலிவு எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் இன்வெர்ட்டர் ஆகியவை வழக்கமானவை. விழவில்லையென்றால் வயரின் நுனியை வீட்டை விட்டு விலக்குங்கள். சோக் இல்லாவிட்டால் அதற்கு முன் சோக் போடுங்கள், பல வீடுகளில் அதுவே பாதி இரைச்சலைக் குறைத்திருக்கிறது.

16. தென்னை மரத்துல கட்டலாமா?

கட்டலாம், ஆனால் நேரே முடிச்சுப் போடக் கூடாது. காற்றில் மரம் ஆடும்போது வயர் அறும். மரத்தில் ஒரு கப்பி கட்டி, கயிற்றை அதன் வழியாக விட்டு, மறுமுனையில் மணல் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனைத் தொங்கவிடுங்கள். மரம் சாயும்போது கேன் ஏறும், நிமிரும்போது இறங்கும், வயரின் இழுவை மாறாது. மட்டை விழும் நேர்கீழே வயர் போகாமல் பாருங்கள். மஞ்சள், நீல நைலான் கயிறு வெயிலில் பொடிந்துபோகும், கறுப்புக் கயிறு நாள்படும்.

17. மழைக்காலத்துல எஸ்.டபிள்யூ.ஆர். மாறுது. இடி வந்தா என்ன பண்ணணும்?

நனையும்போது ஒத்ததிர்வு சில பத்து கிலோஹெர்ட்ஸ் கீழே நகர்ந்து, காய்ந்ததும் திரும்பினால் அது இயல்பு. திரும்பாவிட்டால் கேபிளுக்குள் தண்ணீர், 9-இல் உள்ள சோதனையைச் செய்யுங்கள். மேல்முனையை செல்ஃப் அமால்கமேட்டிங் டேப் சுற்றி, அதன் மேல் பிவிசி டேப் போட்டு மூடுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு முறை கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

ஏப்ரல், மே கோடை மழையிலும் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்திலும் இடி கடுமையாக இருக்கும். மேகம் கறுத்ததும் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். கழற்றிய பிளக்கை ரிக்கின் பக்கத்திலேயே போட்டுவைப்பதில் பயனில்லை. கேபிள் நுழையும் இடத்தில் வாயுக்குழாய் அரெஸ்டர் வைத்து, அதை எர்த் ராடோடும், ராடை வீட்டு எர்த்தோடும் இணைத்தால் பக்கத்தில் விழும் இடியின் தூண்டல் வடியும். நேரடி இடிக்கு எதுவும் தாங்காது.

மின்வாரியக் கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஆன்டெனா வயர் ஒருபோதும் போகக் கூடாது. கம்பத்தைத் தூக்கும்போது அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் லைனைத் தொடாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். தனியாகத் தூக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் உயரத்தைக் குறையுங்கள்.

18. 40 மீட்டர் டைபோல் 15 மீட்டர் பேண்டுலயும் வேலை செய்யும்கிறாங்க. எனக்கு 21.6-லதான் எஸ்.டபிள்யூ.ஆர். குறையுது, பேண்டுக்கு வெளியே. என்ன செய்ய?

மூன்று மடங்கு அலைவரிசையில் அதே வயர் மூன்று அரையலை ஆகிறது, நடுவில் மின்மறுப்பு மறுபடி தாழ்கிறது, அதனால் கோஆக்ஸ் ஏற்கும். 10-இல் சொன்ன 20 மீட்டர் சிக்கல் இங்கே இல்லை. ஆனால் நுனி விளைவால் வயர் சுருங்குவது இரண்டு கோடியிலும் மட்டும்தான். நடுவில் உள்ள அரையலைக்கு அந்தச் சுருக்கம் இல்லை. எனவே ஒத்ததிர்வு 7.1-இன் மூன்று மடங்கான 21.3-க்குச் சற்று மேலே போய் நிற்கிறது.

வயரை நீட்டினால் 7 மெகாஹெர்ட்ஸ் கெடும். அதற்குப் பதில், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மூன்றரை மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. வயர்த் துண்டு ஒன்றைச் சால்டர் செய்து தொங்கவிடுங்கள். 21 மெகாஹெர்ட்ஸில் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடம் அது, அங்கே சேரும் சிறு கெபாசிட்டன்ஸ் ஒத்ததிர்வைக் கீழே இழுக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் அதே இடத்தில் மின்னழுத்தம் குறைவு என்பதால் பாதிப்பும் குறைவு. துண்டை நீட்டியும் குறுக்கியும் 21.2 பக்கம் கொண்டுவாருங்கள். கடைசியில் 7 மெகாஹெர்ட்ஸை மறுபடி அளந்து, நகர்ந்திருந்தால் நுனி மடிப்பைச் சற்றுத் திருத்துங்கள்.